பதினேழாம் கேமராவின் மணி

சந்தைக்கு கேமரா வேண்டும் என்பதில் எல்லோரும் ஒரே பேச்சாக இருந்தார்கள். எங்கே வைப்பது என்று கேட்டதும்தான் சண்டை வந்தது. மீன் விற்பவர்கள் இறைச்சிக்கடைப் பக்கம் திருப்பி வை என்றார்கள். இறைச்சிக்கடைக்காரர்கள் காய்கறிப் பக்கம் கை காட்டினார்கள். காய்கறிக்காரப் பெண்கள், கழிப்பறை வாசலில் குந்தி சீட்டாடுகிறவர்களை முதலில் பிடி என்றார்கள். நெரிசா எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு தான் போட்டுவைத்த வரைபடத்தின்படியே வைத்தாள்.

பிலிப்பைன்ஸில் இலோய்லோ நகருக்குத் தெற்கே, படகுத்துறையை ஒட்டிய சந்தை அது. இரண்டு நீளக் கட்டடங்கள், நடுவே தகரக் கூரை, பின்னால் துறைக்குப் போகும் கேட். இருபத்து நான்கு கேமராக்கள். அவை அனுப்பும் படத்தையெல்லாம் வாங்கிச் சேர்த்துவைக்க, மாடியில் சந்தை நிர்வாகியின் அறையில் ஒரு சர்வர். நெரிசா மணிலாவில் ஒரு பெரிய வணிக வளாகத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஏழு வருஷம் திரை பார்த்து உட்கார்ந்திருந்தவள். கண் கெட்டதுதான் மிச்சம் என்று ஊருக்குத் திரும்பி, சொந்தமாகத் தொழில் தொடங்கியிருந்தாள். கூட்டாளி தியோதுலோ. வயது ஐம்பதைத் தாண்டியவர், கப்பலில் மின்வேலை பார்த்தவர், பெருத்த உடம்பு. ஏணி ஏறும்போது மட்டும் பேச மாட்டார், மற்ற நேரமெல்லாம் பேசுவார். அவள் அவரை மானோங் என்பாள்; மூத்த ஆண்களுக்கு அது, பெண்களென்றால் மானாங். அவர் அவளை, வயதில் இளைய பெண்களை அந்தப் பக்கத்தில் கூப்பிடுவது போல, இண்டாய் என்பார்.

ஒன்பது நாள் வேலை. எலி கடிக்காமலிருக்க கேபிளையெல்லாம் இரும்புக் குழாய்க்குள் விட்டார்கள். மீன் பகுதியில் உப்புக் காற்றுக்கு ஆணி ஒரு மாதம் தாங்காது என்பதால் அங்கே மட்டும் துருப்பிடிக்காத ஆணியாகப் போட்டார்கள். கிரிசாந்தா என்ற மீன்காரி, தன் கடைக்கு மேலே கேமரா ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த வரிசையிலேயே பெரிய கடை அவளுடையது. குரலும் அப்படியே.

"நான் மத்தியானம் வாயத் தொறந்துட்டுத் தூங்குவேன். அதுவும் இதுல பதிவாகுமா?" என்று கேட்டாள்.

"ஆகும் மானாங். ஆனா யாரும் உக்காந்து பாக்க மாட்டாங்க."

"நீ பாத்தியே, மணிலாவுல ஏழு வருஷம்."

நெரிசா கேபிளை இழுத்துக் கட்டினாள். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், கிரிசாந்தா கடையின் பின்பாதியை மறைத்து ஒரு நீலத் தார்ப்பாயைக் கட்டியிருந்தாள். அவள் கடை, அவள் பாய். நெரிசா அடுத்த கடைக்கு ஏணியை நகர்த்தினாள்.

கேமரா ஒவ்வொன்றையும் மாட்டி முடித்ததும் அதற்கு ஒரு பெயர், ஒரு எண், ஒரு பாஸ்வேர்டு கொடுப்பாள். கடைசியாக, மணியை சர்வரிடம் கேட்டுக்கொள் என்று அதில் பதித்துவிடுவாள். அப்போதுதான் இருபத்து நான்கும் ஒரே மணி சொல்லும். இருபத்து மூன்றுக்கு அப்படிச் செய்தாள். பின்கேட்டுக்கு வெளியே மாட்டிய பதினேழாவதற்குள் மாட்டிய அன்றைக்கே தண்ணீர் இறங்கிவிட்டது. அதைக் கழற்றி, பெட்டியில் உபரியாக இருந்ததை மாட்டியது கடைசி நாள் சாயங்காலம். அவர்கள் ஏறி நின்ற ஏணி பக்கத்து மாதா கோயிலுடையது. மணியடிக்கிற ஆள் கீழே நின்று, ஞாயிற்றுக்கிழமை அலங்காரத்துக்கு ஏணி வேண்டும், இறங்குகிறீர்களா இல்லையா என்று மூன்று முறை கேட்டுவிட்டார். படம் தெளிவாக வந்தது. போதும் என்று இறங்கிவிட்டாள்.

அது வியாழக்கிழமை. அடுத்த வியாழன் வந்து, நிர்வாகிக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்து, வேலை முடிந்ததற்குக் கையெழுத்து வாங்க வேண்டும்.

அந்த வியாழன் அவளும் தியோதுலோவும் படியேறும்போதே நிர்வாகி அர்னுல்ஃபோ அறை வாசலுக்கு வந்து வரவேற்றார். வழக்கமாக நாற்காலியை விட்டு அசையாதவர். மேசையில் தட்டு மூடிய நூடுல்ஸ் சூப் இரண்டு கிண்ணம் வாங்கி வைத்திருந்தார். முதல் வாரத்திலேயே உங்கள் கேமரா திருடனைப் பிடித்துவிட்டது, வியாபாரிகள் சங்கத்தில் எல்லோருக்கும் சந்தோஷம், அடுத்த ஊர்ச் சந்தைக்கும் உங்களையே சொல்லியிருக்கிறேன் என்றார்.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு கிரிசாந்தா மருந்து வாங்க வெளியே போயிருக்கிறாள். ஒன்பதரைக்குத் திரும்பினால், ஒரு கல்யாணத்துக்காக ஐஸில் எடுத்துவைத்த களவா மீன் இரண்டு பெட்டியும் காணோம். அர்னுல்ஃபோ சர்வரைத் திறந்து, படத்தின் மூலையில் வரும் மணியைப் பார்த்துப் பார்த்துத் தேடியிருக்கிறார். பதினேழாம் கேமராவில், சுமைதூக்கும் எலேனோ இரண்டு வெள்ளைப் பெட்டிகளை வண்டியில் வைத்துத் துறைப்பக்கம் தள்ளிக்கொண்டு போகிறான். படத்தின் மூலையில் மணி ஒன்பது பதினான்கு.

எலேனோ இருபது வருஷமாக அங்கே சுமை தூக்குகிறவன். அது கிமாராஸ் தீவுக்காரி ஒருத்தியின் பெட்டி, அவள் படகில் ஏற்றிவிட்டேன், அதுவும் பத்து மணிக்கு மேலே என்று சொல்லியிருக்கிறான். அந்தத் தீவுக்காரி திரும்பி வருவது அடுத்த மாதம். படத்தை அச்செடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கிறார்கள். அவனுடைய முப்பத்தொன்றாம் எண் மேல்சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, இனி கேட்டுக்குள் வராதே என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது போலீஸுக்கு ஒரு பிரதி வேண்டும், அதை எப்படி எடுப்பது என்று சொல்லிக்கொடு என்றார் அர்னுல்ஃபோ. சொல்லிவிட்டு, கீழே யாரோ கூப்பிட்டார்கள் என்று போனார்.

நெரிசா சர்வர் முன்னால் உட்கார்ந்தாள். சர்வரின் தேதிப்பட்டையில் திங்கட்கிழமை ஒன்பது பதினான்கு என்று கொடுத்தாள். பின்கேட்டில் யாருமே இல்லை, ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. மூலையில் கேமராவே போடும் மணி எட்டு பதினான்கு என்றிருந்தது.

தவறாகத் தட்டிவிட்டோமோ என்று மறுபடி தட்டினாள். நாய் அதே இடத்தில் படுத்திருந்தது. பத்து பதினான்குக்கு நகர்த்தினாள். எலேனோ வண்டியோடு வந்தான். மூலையில் ஒன்பது பதினான்கு.

 உறுதியாகத் தெரிந்துகொள்ள, தினமும் பின்கேட்டு வழியாகப் போகும் ஐஸ் லாரியைத் தேடினாள். கேட்டுக்கு உள்ளே பதினாறாம் கேமரா, வெளியே பதினேழாம் கேமரா. பதினாறில் லாரி கேட்டைத் தாண்டும்போது மணி பத்து இருபது. பதினேழில் அதே லாரி வெளியே வரும்போது ஒன்பது இருபது. உள்ளேயிருந்து கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே லாரி வெளியே போய்ச் சேர்ந்திருந்தது. உபரிக் கேமராவை முன்பு எங்கேயோ வேறொரு நாட்டு நேரத்துக்கு வைத்திருந்திருக்கிறார்கள். அவள் அதை மாற்றவில்லை.

தியோதுலோ ஜன்னலோரம் சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"மானோங், பதினேழு ஒரு மணி நேரம் பின்னால ஓடுது."

அவர் எழுந்து வந்து, குனிந்து, லாரியை இரண்டு தடவை பார்த்தார்.

"சரி பண்ணிடு. ரெண்டு நிமிஷ வேலை."

"மணியைச் சரி பண்ணிடலாம். அந்த ஆளை?"

தியோதுலோ கிண்ணத்தை மேசையில் வைத்தார். "அடுத்த ஊர் வேலை போயிடும், இண்டாய். சொல்லாதேன்னு சொல்லல. தெரிஞ்சு சொல்லுன்னு சொல்றேன்."

அவளுக்கும் தெரியும். மணியை மாற்றிவிட்டு, அச்செடுத்த படத்தையே போலீஸுக்குக் கொடுக்கச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. எலேனோ என்பவனின் முகத்தைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை, அல்லது பார்த்தது நினைவில் இல்லை. ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், கேமராவின் மணியை மாற்றும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விரலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு மணியைத் தொடாமல், அந்தப் பக்கத்தை அப்படியே ஒரு படமாக எடுத்துவைத்தாள். மாற்றிவிட்டால் அத்தாட்சி போய்விடும்.

அர்னுல்ஃபோ திரும்பி வந்ததும் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார்.

"படத்துல இருக்கறது அவன்தானே?"

"அவன்தான் சார்."

"பெட்டி ரெண்டுதானே?"

"ரெண்டுதான்."

"அப்புறம் என்ன?"

"மணி தப்பு சார். அந்த அம்மா மீன் காணாமப் போய் முக்கால் மணி கழிச்சுத்தான் இவர் அந்தப் பக்கம் போறார். தப்பு என்னுது. கேமராவுக்கு மணி வைக்க மறந்துட்டேன்."

லாரியைக் காட்டினாள். அவர் தானே அதை ஓட்டிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் பேசினார். சங்கத்தின் முன்னால் அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டியது தான்தான் என்றார். ஒரு கடிகாரத்தை நம்பி இருபது வருஷத்து ஆளை விரட்டினோம் என்று எந்த வாயால் போய்ச் சொல்வது என்றார். போலீஸுக்குக் கொடுக்க வேண்டாம், அத்தோடு விட்டுவிடுவோம், எலேனோ துறையில் மூட்டை தூக்கிப் பிழைத்துக்கொள்வான் என்றார்.

"நீங்க சொல்லலேன்னா நான் சொல்றேன் சார்," என்றாள் நெரிசா. அவள் குரல் உயரவில்லை. 

அவர் எழுந்திருக்கவில்லை. அவள் கீழே இறங்கி நேராக மீன் பகுதிக்குப் போனாள்.

கிரிசாந்தா ஒரு பெரிய மீனை நடுவே வெட்டிக்கொண்டிருந்தாள். நெரிசா சொல்லச் சொல்லக் கத்தி நின்றது. பக்கத்துக் கடைகளிலும் நின்றது. எலேனோவின் தாய் வரைக்கும் இழுத்துத் திட்டியவள் அவள். அதைச் சந்தையே கேட்டிருந்தது.

"அப்ப என் மீனை யாரு எடுத்தது?"

"தெரியல மானாங். வாங்க, ஒன்பது மணிக்கு என்ன நடந்துச்சுன்னு பாப்போம்."

மாடியில் நான்கைந்து பேர் நெருக்கியடித்து நின்று பார்த்தார்கள். ஒன்பதிலிருந்து ஒன்பதரை வரை மீன் பகுதியில் கூட்டம். கிரிசாந்தாவின் கடையில் முன்பாதி நன்றாகத் தெரிந்தது. பெட்டிகள் இருந்த பின்பாதியில் நீலத் தார்ப்பாய்தான் தெரிந்தது. ஒரு தடவை அது காற்றிலோ, கை பட்டோ அசைந்தது. அவ்வளவுதான். பின்கேட்டு வழியாக அந்த அரை மணியில் எந்தப் பெட்டியும் போகவில்லை. முன்வாசல் வழியாகப் போனவை முப்பது நாற்பது வெள்ளைப் பெட்டிகள், எல்லாம் ஒரே மாதிரி. கிரிசாந்தா தார்ப்பாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் அவளைச் சீண்டவில்லை. அந்த மீனை யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

எலேனோவின் வீடு துறைக்குப் பின்னால். நெரிசாவும் தியோதுலோவும் மத்தியானம் அங்கே போனார்கள். ஒல்லியான மனிதன், நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர்கள் யார் என்று தெரிந்ததும் அவன் மனைவி உள்ளே போய்விட்டாள். அவன் மட்டும் உட்காரச் சொன்னான். நெரிசா எதையும் மறைக்காமல், ஏணி விஷயம் உட்பட, எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் முதல்லயே சொன்னேனே, பத்து மணிக்கு மேலேன்னு," என்றான்.

"சொன்னீங்க."

"யாருமே படகுக்காரன்கிட்டகூட கேக்கல. அவன் அன்னிக்கு முழுக்க இங்கதான் இருந்தான்." கொஞ்சம் பொறுத்து, "மூணு நாளா என் பொண்ணு பள்ளிக்கூடம் போகல. யாராவது ஏதாவது சொல்லுவாங்கன்னு," என்றான்.

நெரிசா மன்னிப்புக் கேட்டாள்.  அவன் மனைவி வேகவைத்த வாழைப்பழமும் காப்பியும் கொண்டுவந்து, நெரிசாவின் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் அர்னுல்ஃபோ மீன் பகுதியில் நின்று, கேமரா மாட்டியவர்களின் தவறால் இப்படி ஆகிவிட்டது என்று அறிவித்து, எலேனோவிடம் மேல்சட்டையைக் கொடுத்தார். தன் பங்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தியோதுலோ ஓரடி முன்னால் வைத்தார். நெரிசா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு இருவருமாக இருபத்து நான்கு கேமராக்களின் மணியையும் ஒவ்வொன்றாக சர்வரோடு ஒப்பிட்டார்கள். பாதி வேலையில் எலேனோ படியேறி வந்தான்.

"அந்தப் படத்தை நான் பாக்கலாமா? அன்னிக்கு காயிதத்துலதான் காட்டினாங்க."

நெரிசா திங்கட்கிழமைப் பதிவை ஓடவிட்டாள். அவன் முட்டியில் கையூன்றிக் குனிந்து, தான் வண்டி தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்தான். இன்னொரு தடவை போடச் சொன்னான். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று நெரிசா காத்திருந்தாள்.

"இடது சக்கரம் கோணலா சுத்துது பாருங்க," என்றான். "அதான் இந்தப் பக்கம் தோள் இப்பிடி வலிக்குது. தள்ளறப்ப தெரியவே இல்ல."

தியோதுலோ தன் பையிலிருந்த ஸ்பேனர்களை எடுத்துக்கொண்டு அவனோடு கீழே போனார். ஜன்னல் வழியே பார்த்தாள். இருவரும் வண்டியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த ஊர்ச் சந்தை வேலை வேறொருவருக்குப் போனது. கையெழுத்துக்கு அர்னுல்ஃபோ ஆறு வாரம் இழுத்தடித்தார். கையெழுத்து வாங்கப் போன அன்று, நெரிசா மீன் பகுதி வழியாக நடந்தாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கிரிசாந்தா எலேனோவைச் சுமைக்குக் கூப்பிட்டதே இல்லை என்று பக்கத்துக் கடைக்காரி சொன்னாள். வெட்கமா வீம்பா, யாருக்குத் தெரியும். பேசிக்கொண்டிருக்கும்போதே கிரிசாந்தாவின் குரல் கேட்டது.

"முப்பத்தொண்ணு. இங்க நாலு பெட்டி இருக்கு."

எலேனோ உடனே வரவில்லை. கையிலிருந்த வாழைத்தார்களை இறக்கிவைத்து, அவற்றுக்குரிய காய்கறிக்காரியிடம் பேச்சை முடித்து, முகம் துடைத்துக்கொண்டு மெதுவாக வண்டியைத் தள்ளி வந்தான். நான்கு பெட்டிகளையும் ஒவ்வொன்றாக ஏற்றினான். பிறகு கிரிசாந்தாவைப் பார்த்து, "நீங்களும் கூட வாங்க. பெட்டி எங்க இறங்குதுன்னு பாத்துக்கலாம்," என்றான். அவள் கத்தியைக் கீழே வைத்து, கையை அலசிவிட்டு, வண்டியின் பக்கத்தில் நடந்தாள்.