மைக்கு வைத்துக் கொடுத்த வேட்டி

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் ராசாக்களே, ராசாத்திகளே. அந்தக் காற்றாடியைக் குறைத்து வையுங்கள். அது போடுகிற சத்தத்தில் பாதிக் கதை பறந்துவிடும். தானம் செய்யக் கிளம்பிய மூன்று சங்கங்களின் கதையையும், அந்தத் தானத்தில் போய் மாட்டிக்கொண்ட ஒரு மாமியார்க்காரியின் கதையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். கோபம் வந்தால் அதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், எங்காவது உதவும்.

மதுரையில் மகால் பக்கத்துச் சந்து ஒன்றில் ரங்கநாயகி என்று ஒருத்தி இருந்தாள். சௌராஷ்டிரக் குடும்பம். சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. புருஷன் சௌரிராஜன் கல்யாணச் சமையலுக்குப் போனவர்; பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததிலிருந்து வீட்டோடு கிடந்தார். ஒரே மகள் காவ்யஸ்ரீயை வைகாசியில் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை கார்த்திகேஷுக்குச் செல்போன் கடையில் வேலை. முகம் சுளிக்கத் தெரியாத பையன். ஐப்பசி பிறந்தது, தலை தீபாவளி வந்து வாசலில் நின்றது.

தலை தீபாவளி என்றால் உங்களுக்குத் தெரியாததா? மகளும் மருமகனும் முதல் நாளே வந்துவிடுவார்கள். விடியுமுன் எண்ணெய் வைத்துக் குளித்து வருகிற பிள்ளைகளுக்கு, முனையில் மஞ்சள் தொட்ட புதுத்துணியைப் பெண்ணைப் பெற்றவள் தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். சரிகை எம்புட்டு அகலம் என்று மானமுள்ளவன் பார்க்கமாட்டான். ஆனால் வேட்டி என்று ஒன்று வேண்டும். அது மாமியார் வீட்டு வேட்டியாக இருக்க வேண்டும். ரங்கநாயகி வீட்டையோ கல்யாணமும் மருந்தும் சேர்ந்து துடைத்து வைத்திருந்தன.

அடுத்த வீட்டுச் செல்லத்தாய் தல்லாகுளத்தில் ராஜாராமன் என்பவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். அவள்தான் சேதி கொண்டுவந்தாள்.

"ஏக்கா, எங்க அய்யா சங்கத்துல தீபாவளிக்குப் பை குடுக்குறாகளாம். வேட்டி, சேல, மாவு, எண்ணெ எல்லாம் இருக்காம். உன் பேரயும் சொல்லி வைக்கவா?"

"வெளிய தெரியாமக் குடுப்பாகளா?"

"பைதானக்கா குடுக்குறாக. பல்லக்குல வச்சா தூக்கிட்டுப் போகப்போறாக? வாங்கியாந்து உள்ள வச்சுப் பூட்டு."

பல்லக்குதான் வரப்போகிறது என்று செல்லத்தாய்க்கு மட்டும் எப்படித் தெரியும்?

போன வருஷம் நடந்த கூத்தைச் சொன்னால்தான் இந்த வருஷத்துக் கூத்து விளங்கும். மூன்று சங்கமும் தனித்தனியாகப் பை கொடுத்தன. வாய் இருந்த வீட்டுக்கு மூன்று பையும் போயின. வாய் செத்த வீட்டுக்கு ஒன்றும் போகவில்லை. ஊர் சிரித்தது. அதனால் இந்த வருஷம் மூன்று சங்கமும் கூடி ஒருங்கிணைப்புக் குழு என்று ஒன்று போட்டார்கள். பெரிய ஆபீசில் அதிகாரம் செய்து ஓய்வு பெற்ற ராஜாராமன் தலைவர். கட்டடக் காண்டிராக்டர் பால்பாண்டி செயலாளர். கொத்தனாருக்குச் சம்பளம் நின்றாலும் பிளெக்ஸ் அடிப்பதை நிறுத்தாத மனிதர். மூன்றாவது, ஒரு டாக்டரம்மாவின் மகளிர் வட்டம். குடும்பங்களைத் திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்யக் கூடாது, ஒரே தடவை பார்த்து விசாரித்து, ஒரே பையாகக் கொடுப்பது என்று தீர்மானம் போட்டு, கையெழுத்துப் போட்டு, போண்டா சாப்பிட்டுக் கலைந்தார்கள்.

ஆனால் ஒரு சங்கம் பார்த்ததை இன்னொரு சங்கம் நம்பினால்தானே? ராஜாராமன் சங்கத்து ஆட்கள் வந்து அரிசி டின்னைத் திறந்து பார்த்தார்கள். அடுத்து வந்த மகளிர் வட்டம், "ஃபேன் ஓடுதே, நிஜமாவே கஷ்டம்தானா?" என்று கேட்டுவிட்டு, அந்த ஃபேனுக்கு அடியிலேயே உட்கார்ந்து வேர்வையை ஆற்றிக்கொண்டது. படம் எடுத்த பெண், "கொஞ்சம் சிரிக்காம இருங்கம்மா, சிரிச்சா யாரும் டொனேஷன் தரமாட்டாங்க" என்று சொல்லிக்கொடுத்தாள். சௌரிராஜனின் விழுந்த கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து வைக்கச் சொன்னாள்.

கடைசியாகப் பால்பாண்டி வந்தார். சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைப் பார்த்தார்.

"யாருக்கா இது, மகளா? எப்பக் கல்யாணம்?"

"வைகாசில. வார தீபாவளிதான் அவுகளுக்குத் தலை தீபாவளி."

பால்பாண்டியின் கண்ணில் சீரியல் பல்பு எரிந்தது. "அக்கா, இது புதுசா இருக்கே. பத்திரிகை ஒண்ணு குடுங்க, மாப்ள நம்பர் ஒண்ணு குடுங்க. சும்மா ஒரு ரெக்கார்டுக்குத்தான்."

ரங்கநாயகி கொடுத்துவிட்டாள். பை வருகிறதே என்ற நினைப்பில் கை முந்திக்கொண்டது.

தீபாவளி நெருங்கியபோது செல்லத்தாய் வேலை முடிந்து நேராக இவள் வீட்டுக்கு வந்தாள். அவள் நடையே சரியாக இல்லை.

"எக்கா, தலை தீபாவளித் திட்டம்னு ஒண்ணு போட்டிருக்காக. உன் மாப்ளய மேடையில ஏத்தி, நகைக்கட முதலாளி கையால வேட்டி குடுக்கப்போறாகளாம். பால்பாண்டி அண்ணனே மாப்ளைக்குப் போன் போட்டுக் கூப்பிடுறாராம். என்னமோ ராக்கெட் விடுற மாதிரிப் பேசிக்கிறாக."

ரங்கநாயகிக்குக் கையிலிருந்த ஊசி விரலில் ஏறியது. மருமகனுக்குத் தெரிந்துவிடும் என்பது ஒன்று. சம்பந்தி வீட்டுக்குத் தெரியும், அப்புறம் காலம் பூராவும் காவ்யஸ்ரீ அந்த வீட்டில் தலை குனிந்து சோறு போட வேண்டும் என்பது இன்னொன்று. மறுநாளே செல்லத்தாயோடு தல்லாகுளத்துக்குப் பஸ் ஏறினாள்.

ராஜாராமன் வீட்டுக் கூடத்தில் தாம்பாளம் தாம்பாளமாகத் துணி விரித்துக் கிடந்தது. அவர் மகள் மாதங்கிக்கும் அதே வருஷம்தான் தலை தீபாவளி. அவர் மனைவி வாலாம்பாள் மாப்பிள்ளைக்கு எடுத்த மயில்கண் வேட்டியைப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், பையை எங்கிட்டயே குடுத்துருங்க. மாப்ளைக்குத் தெரிய வேணாம்" என்றாள் ரங்கநாயகி, நின்றபடியே.

"வேட்டி யாருக்கும்மா? அவருக்குத்தானே? அவருக்கே தெரியாம எப்படிக் கொடுக்கறது?"

"நான் குடுத்துக்கிறேன் சார்."

"அது டிரான்ஸ்பரன்டா இருக்காதும்மா. யாருக்குக் கொடுத்தோம்னு நாலு பேருக்குத் தெரியணுமோல்லியோ? இதுல என்ன கூச்சம்? இதோ பாருங்கோ, நம்மாத்துலயும் தலை தீபாவளிதான். சந்தோஷமான விஷயம். மாதங்கியும் மாப்பிள்ளையும் விழாவுக்கே வரா."

பெரிய ஆபீசில் இருந்த மனிதர். மனு வாங்கிப் பழகிய காதுக்கு மனுவில் என்ன இருக்கிறது என்று எப்போது கேட்டிருக்கிறது? ரங்கநாயகி பையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம் என்பீர்கள். வீட்டில் வேட்டி இல்லையே, கண்ணுகளா.

விழா தீபாவளிக்கு முதல் நாள், தல்லாகுளத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். மாப்பிள்ளையும் மகளும் வீட்டுக்கு வருகிற அதே சாயங்காலத்துக்குள் இவள் திரும்பியாக வேண்டும். பை வாங்க வந்த பெண்களை வலது பக்கத்தில் தனியாக உட்காரவைத்து, நெஞ்சில் 'பயனாளி' என்று அட்டை குத்தினார்கள். சிறப்பு விருந்தினரான நகைக்கடை முதலாளி மணிக்கணக்காக வரவில்லை. அதுவரை ஏழ்மையைப் பற்றி ஆள் மாற்றி ஆள் பேசினார்கள். பேசினவர்களுக்கு ஏலக்காய் டீ வந்தது. ஏழைகளுக்குக் கைதட்டும் வேலை மட்டும் வந்தது.

முதலாளி வந்தார். சால்வை போட்டார்கள். மூன்று சங்கமும் பையின் மூன்று மூலையைப் பிடித்துக்கொள்ள, நாலாவது மூலையை முதலாளி பிடிக்க, வாங்க வந்தவளுக்குப் பிடிக்க இடமில்லாமல் போனது. படம் எடுத்தபின் பை கைக்கு வந்தது. செல்லத்தாய் தன் பையை வாங்கிக்கொண்டு ரங்கநாயகி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கு வெக்கத்தவிட மாவு முக்கியம்க்கா" என்றாள் மெதுவாக. அதில் என்ன தப்பு? பெற்ற பிள்ளைகளின் வயிற்றுக்குப் பதில் சொல்கிறவள் அப்படித்தான் சொல்வாள்.

அடுத்து மைக்கைப் பிடித்தார் பால்பாண்டி. "இப்ப நம்ம விழாவோட முக்கியமான கட்டம். தலை தீபாவளித் திட்டம். அம்மா ரங்கநாயகி, மேடைக்கு வாங்க. மாப்ளைக்குப் போன் அடிச்சேன், கட் பண்றாரு. வெக்கப்படுறாரு போல. இப்ப ஸ்பீக்கர்ல போட்டு எல்லாரும் சேந்து கூப்பிடுவோம், வராம எங்க போயிருவாரு?"

சிரிப்பு எழுந்தது. ரங்கநாயகி மேடை ஏறி நின்றாள். பால்பாண்டியின் பெருவிரல் நம்பரைத் தேடுவது அவளுக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு அழுத்து. அவள் வீட்டு மானம் மண்டபத்து ஸ்பீக்கரில் மணியடிக்கப்போகிறது. எட்டி அவர் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

"அண்ணே, ஒரு நிமிசம். தலைவர் வீட்லயும் தலை தீபாவளிதான். மாப்ள முன் வரிசையிலயே இருக்காரு. அவரு முதல்ல மேல வரட்டும். இதே ஐயா கையால இதே வேட்டிய அவருக்குக் குடுத்துப் போட்டோ எடுங்க. அது முடியட்டும், எங்க மாப்ளைய நானே போன் போட்டு வரச் சொல்றேன்."

முன் வரிசையில் ராஜாராமனின் மாப்பிள்ளை கிருஷ்ணபிரசாத் தன் செல்போனுக்குள் ஒளிய இடம் தேடினான். பக்கத்தில் இருந்த வாலாம்பாள் எழுந்தே விட்டாள்.

"நன்னாருக்கே. எங்காத்து மாப்பிள்ளைக்கு நாங்க ஆத்துல வெச்சுக் கொடுத்துப்போம். ஊர் பார்க்க மேடையில வாங்கிக்கணும்னு அவருக்கு என்ன தலையெழுத்து?"

சொல்லி முடித்தபின்தான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. நின்றவள் உட்காரவும் தெரியாமல் நின்றாள்.

"அதேதான் மாமி. எங்களுக்கும் வீடு இருக்கு" என்றாள் ரங்கநாயகி. மைக்கைப் பால்பாண்டி கையில் திருப்பி வைத்தாள். நெஞ்சில் குத்தியிருந்த அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பை வாங்காமல் இறங்கி நடந்தாள். ராஜாராமன், "அவா உணர்ச்சிவசப்பட்டுட்டா, நாம அடுத்த நிகழ்ச்சிக்குப் போவோம்" என்று சொல்வது பின்னால் கேட்டது. உணர்ச்சியெல்லாம் ஏழைகளுக்கு மட்டும் வருகிற வியாதி என்று அவருக்கு நினைப்பு.

வாசலுக்கு வந்தபின்தான் அவளுக்குப் பயம் பிடித்தது. வீறாப்பாகப் பேசியாகிவிட்டது. காலையில் மாப்பிள்ளைக்கு எதை எடுத்துக் கொடுப்பது?

மண்டபத்துப் பின்பக்கம், சமையல்கட்டு ஆட்கள் அண்டா கழுவுகிற இடத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். வாலாம்பாள். மூச்சு வாங்க நின்றாள். சங்கங்களின் பெயர் அச்சடித்த பையை உதறிவிட்டு, உள்ளிருந்ததை ஒரு சாதா மஞ்சப்பைக்கு மாற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"இங்க யாரும் இல்லை. வாங்கிக்கோங்கோ."

ரங்கநாயகி கையை நீட்டவில்லை.

"அவர் பேசினதுக்கு இல்லை. நான் பேசினதுக்கு."

"வேணாம்னு சொல்ல எனக்கு வசதி இல்ல மாமி" என்றாள் ரங்கநாயகி. பையை வாங்கிக்கொண்டாள். வாலாம்பாள் ஈரத் தரையில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவ்வளவுதான் வேலை. ஒரு கை கொடுத்தது, ஒரு கை வாங்கியது. இதற்குத்தான் மூன்று சங்கம், ஒரு குழு, மேடை, மைக்கு, சால்வை.

சாயங்காலம் மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். காபி குடிக்கையில் கார்த்திகேஷ் தங்கள் வீட்டுச் சௌராஷ்டிரப் பேச்சில் மாமியாரிடம் சொன்னான்: "உங்க போனுக்கும் வந்துச்சா அத்தை? எவனோ ஒருத்தன், உங்களுக்கு வேட்டி விழுந்திருக்கு, மண்டபத்துக்கு வாங்கன்னு விடாம அடிக்கிறான். நல்ல நாளு வந்தா இந்த ஏமாத்துக்காரப் பயலுக தொல்ல தாங்கல. பிளாக் பண்ணிட்டேன்."

"நல்ல வேலை செஞ்சீங்க மாப்ள" என்றார் கட்டிலில் இருந்த சௌரிராஜன். ரங்கநாயகி அடுப்பைப் பார்க்கப் போகிறவள் போல உள்ளே போய், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரித்தாளா அழுதாளா என்று கேட்காதீர்கள். இரண்டும்தான்.

விடியுமுன் எண்ணெய் வைத்தாள். வேட்டி முனையில் மஞ்சள் தொட்டு, புருஷனின் இடது கையையும் சேர்த்துப் பிடித்து, இருவருமாக மாப்பிள்ளை கையில் கொடுத்தார்கள். அவன் விழுந்து கும்பிட்டு வாங்கிக்கொண்டான்.

அடுத்த நாள் எல்லோருமாக அழகர்கோயிலுக்கு ஒரு ஆட்டோவில் கிளம்பினார்கள். கோரிப்பாளையம் சந்திப்பில் சிக்னல் விழுந்தது. ஆட்டோ நின்ற இடத்துக்கு நேர் எதிரே, கட்டடத்தையே மறைத்துக்கொண்டு ஒரு பிளெக்ஸ். 'ஏழை மாப்பிள்ளைக்குத் தலை தீபாவளி தந்த தங்கங்களே' என்று எழுத்து. மேலே தங்கங்களின் முகங்கள் வண்டிச்சக்கரம் அளவுக்கு. கீழே, தோளில் வேட்டியைப் போட்டுக்கொண்டு, நகைக்கடை முதலாளி பக்கத்தில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றது பால்பாண்டியின் டிரைவர். அச்சடிக்கக் கொடுத்த இடத்தில் படம் கேட்டிருப்பார்கள். மாப்பிள்ளை கிடைக்காவிட்டால் என்ன, திட்டம் நிற்குமா? அந்த டிரைவருக்குக் கல்யாணமாகி மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது.

கார்த்திகேஷ் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தான். வரி வரியாகப் படித்தான்.

"பாவம் அத்தை. எவனோ ஒருத்தன், மாமியா வீட்டு வேட்டிய இப்பிடி ஊரு பாக்க வாங்கிட்டு நிக்கிறான்" என்றான்.

"பாவந்தான் மாப்ள" என்றாள் ரங்கநாயகி. பச்சை விளக்கு விழுந்தது, ஆட்டோ கிளம்பியது.

நீங்கள் எழுந்திருங்கள் கண்ணுகளா, பொழுதாகிவிட்டது. உங்கள் வீட்டு அடுக்களையில் எண்ணெய்ச் சட்டி நல்ல நாளுக்கு நல்ல நாள் பொங்கட்டும். உங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் கையாலேயே எடுத்துக் கொடுக்கும்படி வீடு நிறைந்திருக்கட்டும். அடுத்த வீட்டுக்குக் கொடுக்கப் போனால் பின்வாசல் வழியாகப் போகிற புத்தி உங்கள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வாய்க்கட்டும். எல்லோரும் நன்றாயிருங்கள்.