காலி பண்ணிய பெட்டி

எழுபது வயதில் கீரனூர் ஸ்கேன் சென்டருக்குக் காவல் இருக்கிறேன். செத்துப்போன என் மனைவி செவந்தியின் இதய ஸ்கேன் வீடியோ அங்குள்ள சர்வர் பெட்டிகளில் இருக்கிறது. வீட்டில் போட்டோ மட்டும்தான். அதில் அவள் அசையமாட்டாள்.

திருச்சியிலிருந்து வந்த கம்ப்யூட்டர் மெக்கானிக் ரகுநாத் புதுப்பெட்டி ஒன்றைச் சேர்த்துவிட்டு, "பழசக் காலி பண்ணியாச்சுங்கய்யா, கழட்டப்போறேன்" என்றான்.

நான் குறுக்கே நின்றேன். "காலி பண்ணிட்டியா? அப்ப செவந்தி?"

"அழிக்கலீங்க. எல்லாத்தையும் மத்த பெட்டிகளுக்கு மாத்திட்டுத்தான் கழட்டுவோம்."

"வாய்ப்பேச்சு வேணாம். காட்டு."

திரையில் அவள் இதயம் துடித்தது.

"இது ஓடி முடியட்டும். அப்புறம் கழட்டு."

"இது ஓடி முடியவே முடியாதுங்கய்யா. திரும்பத் திரும்ப ஓடும்."

"அப்பச் சரி" என்று விலகி, திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.