எந்த முட்டி

...எந்த முட்டிய முதல்ல தரையில வைப்பீங்கம்மா என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் டிரஸர் வேலாயுதம் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, பதினொரு வருஷமாகத் துரைசாணி வீட்டுப் பலகைத் தரையைத் தேய்க்கிறேன், எந்த முட்டி என்று யார் பார்த்தார்கள்... இதோ, இப்போது பார்க்கிறேன். வலதுதான். மெழுகைத் தடவி, தேங்காய் மட்டையை இரண்டு கையாலும் அழுத்தித் தேய்க்கும்போது உடம்புப் பாரம் முழுக்க அதன்மேல்தான் இறங்குகிறது, இடது முட்டி துணைக்கு வந்த விருந்தாளி மாதிரி ஓரமாக இருக்கிறது. பதினைந்து நாள் முட்டி போடாதீங்க என்றுதான் சொன்னார், துரைசாணியிடம் யார் போய்ச் சொல்வது, சாக்கை நாலாக மடித்து அடியில் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான் நம்மால் முடிந்தது.

இரண்டு மாதமாகச் சேலைக்குள் மறைத்து வைத்திருந்தேன், உரித்த முட்டையைத் தோலுக்கடியில் வைத்த மாதிரி அந்த முட்டியில் ஒரு வீக்கம். நேர்த்திக்கடன் ஏதும் பாக்கி இருக்கா அக்கா என்று பக்கத்து வீட்டு இராஜம்மா சும்மா பேச்சுக்குத்தான் கேட்டாள். இருக்கிறதே... என் பிள்ளை வாசுவுக்கு முதல் முடியைப் பத்துமலையில் இறக்குகிறேன் என்று வேண்டியிருந்தேன். முடி இறக்க வேண்டிய தைப்பூசத்தன்று இந்தத் துரைசாணி வீட்டில் விருந்து, லீவு கேட்டால் வேலை போய்விடும் என்று பயந்து வாயையே திறக்கவில்லை. துரைசாணி லீவு தர மாட்டேனென்று சொல்லிவிட்டாள் என்று என் வீட்டுக்காரர் கார்த்திகேசுவிடம் பொய் சொன்னேன், அந்த மனுஷர் ஒன்பது வருஷமாக அவளைத் திட்டிக்கொண்டிருக்கிறார், பாவம், இந்த ஒன்றில் மட்டும் அவள்மேல் தப்பில்லை. பங்குனியில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, நாலே நாள், அந்தச் சுருட்டை முடியோடேயே புதைத்தோம். அன்றிலிருந்து வீட்டில் பால் திரிந்தால்கூட எனக்கு அந்தத் தீராத வேண்டுதல்தான் காரணம். முட்டி வீங்கினால் வேறென்ன? அடுத்த வாரம் தைப்பூசம், பால்குடம் தூக்கி அத்தனை படியும் ஏறிவிட்டால் முருகன் என்னை மன்னித்துவிடுவான், வீக்கமும் வற்றிவிடும் என்று இருந்தேன்.

அந்த டிரஸர் என்னடாவென்றால், எப்படி வேலை செய்வீங்க, செஞ்சு காட்டுங்க என்று டிஸ்பென்சரித் தரையிலேயே மண்டி போடச் சொல்லிவிட்டார், வரிசையில் நின்றவர்கள் எல்லாம் பார்க்க எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "முட்டிச் சில்லுக்கு முன்னால ஒரு சின்னப் பை இருக்கும்மா. தினமும் அதுமேல பாரம் விழுந்தா தண்ணி கோத்துக்கும். மேசையில முழங்கைய ஊனி எழுதுற கிராணிக்கு முழங்கையில வரும், கைய ஒசத்தியே வேலை செய்யிறவனுக்குத் தோள்ல வரும். கீழ விழுந்து அடிபட்டாலும் வரும், வாத உடம்புன்னா இன்னும் சுருக்க வரும், வயசு ஏறினாலும் அப்படித்தான். காயம் கீயம் பட்டுடப் போவுது, சீழ் வச்சிரும். படி ஏறாதீங்க."

"சாமி குத்தம் இல்லீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "சாமி குத்தம்னா ரெண்டு முட்டியிலயும்ல வந்திருக்கணும்?" என்றார்.

திரும்பி நடக்கும்போது அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான், முருகன் என்மேல் கோபமாக இல்லை, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது. இங்கே வந்து மட்டையைக் கையில் எடுத்த பிறகுதான்... முட்டியை அவன் தொடவில்லை என்றால், வாசுவை? அந்தக் காய்ச்சலுக்கும் இப்படி ஒரு காரணம் இருந்திருக்குமோ, நாலு கேள்வி கேட்டிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்களோ. யார் கேட்பது? நான்தான் எங்கேயும் தூக்கிக்கொண்டு போகவில்லையே. டிஸ்பென்சரிக்குப் போவோமா என்று என் வீட்டுக்காரர் இரண்டாம் நாளே கேட்டார். இது மருந்துக்கு அடங்காதுங்க என்று சொன்னேன், எனக்குத்தானே தெரியும் அது யார் கோபமென்று, திருநீற்றைப் பூசிப் பூசி நாலு நாள் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்...

மட்டை நின்றுவிட்டது. சாக்கை இழுத்து இடது முட்டிக்கு மாற்றினேன், புது இடம், வலித்தது. இன்று காலை நொண்டி நொண்டிப் போயும், வாயில் போட்ட வெற்றிலையைத் துப்புவதற்குள் டிஸ்பென்சரி வந்துவிட்டது. பிள்ளை மடியில் கிடந்த அந்த நாலு நாளும் எனக்கு இரண்டு முட்டியும் நன்றாகத்தான் இருந்தன.