துடிப்புக்கு முந்திய பொறி

அக்காவுக்கு ஆய்வகத்தில் நுண்ணோக்கி இயக்கும் வேலை. தம்பி கால்பந்து நடுவர். வீட்டில் அவனைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள்; அவன் ஒரு இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதை யாரும் பார்த்ததில்லை. அந்தப் பம்பரம் ஒருநாள் மைதானத்தின் நடுவில் சுருண்டு விழுந்தது. யாரோ ஓடிவந்து நெஞ்சை அழுத்தியதால் பிழைத்தான். இதயத்தில் பிறவிக் கோளாறு, ஓடினால் தாளம் தப்பும் என்றார் டாக்டர். வழக்கமான மாத்திரை எதுவும் அவனுக்குக் கேட்கவில்லை.

அவனுடைய தோலில் சிறு துணுக்கு எடுத்து, அதிலிருந்து இதயச் செல்களை வளர்த்தார்கள். எந்த மருந்து கேட்கும் என்று சோதிக்க, அவை அக்காவின் ஆய்வகத்துக்கே வந்து சேர்ந்தன.

"உன் தம்பியோடது. வேற ஆள பார்க்கச் சொல்லட்டுமா?" என்றாள் ஆய்வகத் தலைவி.

"வேண்டாம் மேடம். வேற யாராவது பார்த்தா வாசல்லயே நின்னுட்டிருப்பேன்."

பழைய கருவி ஒற்றை லேசர் புள்ளியை வரிவரியாக ஓட்டிப் படம் எடுக்கும். ஒரு படம் முடிவதற்குள் செல் துடித்து அடங்கிவிடும். திரையில் மிஞ்சுவது கலங்கல்தான். புதுக் கருவியில் ஊசித்துளைகள் நிறைந்த வட்டத்தகடு ஒன்று சுழலும். ஒரே நேரத்தில் ஏராளமான புள்ளிகளில் ஒளி விழும். மேலேயும் கீழேயும் இருந்து வரும் மங்கல் வெளிச்சத்தைத் துளைகள் தடுத்துவிடும். நொடிக்கு நூற்றுக்கணக்கான படங்கள். மெதுவாக ஓட்டிப் பார்த்தால், ஒவ்வொரு துடிப்பிலும் செல்லுக்குள் கால்சியம் பச்சை அலையாய்ப் பரவுவது தெரியும்.

அலை அடங்கியது. அடுத்தது எழுவதற்குள், செல்லின் ஓரத்தில் ஒரு பொறி தெறித்தது. வரக்கூடாத நேரம். அது பக்கத்துக்குத் தாவி, இன்னொன்றாகி, முறைதவறிய அலையாய்ப் புறப்பட்டது. தம்பியைக் கீழே தள்ளியது இதுதான் என்று அவளுக்குப் புரிந்தது.

முதல் மருந்துக்குப் பொறி அசைந்து கொடுக்கவில்லை. இரண்டாவதில் பொறியோடு சேர்ந்து துடிப்பும் ஒடுங்கியது. மூன்றாவது மருந்தைச் சொட்டியதும் திரை சுத்தமானது. அவள் கை கைப்பேசியைத் தேடியது. எண்ணைத் தட்டுவதற்குள் பழைய ஓரத்திலேயே மறுபடி தெறித்தது.

லேசர்தான் செல்லைப் புண்படுத்துகிறதோ? ஒளியைக் குறைத்தாள். படம் மங்கியது, பொறி போகவில்லை. இன்னும் குறைத்தாள். புதிய செல்களை வைத்தாள். அங்கேயும் அதே கதை.

"போதும்மா," என்றாள் தலைவி. "கருவி மேல தப்பு இல்ல."

மறுநாள் தம்பியே வந்து நின்றான். "என்னக்கா, என் சமாச்சாரம் உங்க டிவியில ஓடுதாமே?"

அவள் காட்டினாள். அவன் திரைக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"நல்லாத்தானே துடிக்குது?"

"இந்த ஓரத்தைப் பாரு."

பார்த்தான். "இதை மட்டும் அணைக்க முடியாதா?"

"என்னால பார்க்கத்தான்டா முடியுது."

"மைதானமா இருந்தா சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பியிருப்பேன்," என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கும்தான்.

கடைசியில் அவன் நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். அது பொறியைத் தடுக்காது. தாளம் தப்பினால் மின்சாரம் பாய்ச்சி இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். நடுவர் வேலைக்கு முழுக்குப் போட்டாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் கடைக்குப் போய்விட்டுப் படியேறினார்கள். பேசிக்கொண்டே வந்தவன் பாதி வாக்கியத்தில் நின்றான். முகம் வெளுத்தது. அவனுக்குள் என்ன நடக்கிறது என்று அலை அலையாய் அவளுக்குத் தெரியும். செய்யத்தான் ஒன்றும் தெரியவில்லை. சட்டையைக் கொத்தாகப் பிடித்து அவனைச் சுவரில் சாய்த்தாள். உடம்பு ஒரு உதறு உதறியது. பையிலிருந்த தக்காளிகள் படிப்படியாய் உருண்டு இறங்கின.

கண்ணைத் திறந்தவன், "வலிக்குதுக்கா," என்றான்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு அவன் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்து, முகத்து வியர்வையைக் கையால் துடைத்துவிட்டாள். ஆம்புலன்ஸ் வரும்வரை துடைத்துக்கொண்டே இருந்தாள்.