ஒரே கேபிள், இரண்டு எண்

கேபிள் இழுத்து முடித்த நிமிடத்திலிருந்து இரண்டு சர்வர்களும் ‘பீப் பீப்’ என்று கத்தத் தொடங்கின. காரைக்குடிக்கு வெளியே இருந்த அந்தப் பாலிடெக்னிக்கில் ஒன்று லேபில், யூஜினியாவின் பொறுப்பில். மற்றது மைதானத்துக்கு அந்தப்பக்கம் ஆபீஸில், சூப்பரின்டென்டென்ட் தேனப்பனிடம். 1995 ஜூலையில்தான் இரண்டையும் இணைத்தார்கள்.

அவை நிமிடத்துக்கு ஒருமுறை, தகவல் போக வேண்டிய வழிகளில் தமக்குத் தெரிந்தவற்றை ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும். இந்தக் கேபிளின் எண் ஒன்று என்றது லேப் சர்வர். இல்லை, இருபது என்றது ஆபீஸ் சர்வர். ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஒரு கத்தல்.

மதுரையில் இருந்த சர்வீஸ் ஆள் முத்தரசு போனில் சொன்னான்: “கேபிள் நம்பர் தெருப் பேரு மாதிரி மேடம். ஒரே தெருவுல இருந்துக்கிட்டு ஆளுக்கொரு பேரு சொன்னா எப்படி? ரெண்டு பேரும் ஒரே நம்பரைப் போடுங்க. சர்வரோட சொந்த நம்பர்தான் வேற வேறயா இருக்கணும். அதைத் தொட்டுறாதீக.”

மாற்றும் முறையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு யூஜினியா தேனப்பனிடம் போனாள்.

“நாங்க போன வருசத்துல இருந்து ஓட்டுறோம். நேத்து வந்த நீங்க எங்களை மாத்தச் சொல்றீகளா?”

“ஒரே ஒரு நம்பர்தான் சார்.”

“அப்ப நீங்களே மாத்திக்கிருங்க.”

தாளை அவர் மேசையில் விட்டுவிட்டு வந்தாள். இரண்டு நாள் வாதாடிப் பார்த்தாள். மூன்றாம் நாள் பிராக்டிக்கல் நடுவே தலைவலி தாங்கவில்லை. மாணவர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, சர்வரை நிறுத்தி, ஒன்றை இருபதாக்கி மறுபடி இயக்கினாள்.

பீப்.

தப்பாக அடித்துவிட்டோமோ? சரிபார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. இன்னொரு முறை நிறுத்தி இயக்கினாள். பீப். இப்போது ஆபீஸ் சர்வர், எண் ஒன்று என்று அடம்பிடித்தது.

கொதிக்கும் வெயிலில் மைதானத்தைக் கடந்து போனாள். தேனப்பன் முகமெல்லாம் சிரிப்பு.

“வாங்க மேடம். பிரின்சிபல் சத்தம் தாங்கலைன்னுட்டாரு. உங்க தாளைப் பார்த்து நானே ஒண்ணுன்னு மாத்திப்புட்டேன்.”

“எப்ப சார்?”

“பதினோரு மணி இருக்கும்.”

“பதினோரு மணிக்குத்தான் சார் நான் இருபதாக்குனேன்.”

“அடடா! இருங்க, திரும்ப இருபதாக்கிப்புடுறேன்.” கை கீபோர்டுக்குப் போனது.

“சார், கையை எடுங்க!”

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. அவள் அங்கே குரல் உயர்த்தியது அதுவே முதல்முறை.

“உங்களுது ஒண்ணுலயே இருக்கட்டும், நான் மாத்திக்கிறேன். நான் சொல்ற வரைக்கும் எதையும் தொடாதீக.”

லேபுக்குத் திரும்பி மறுபடி ஒன்று என்று போட்டாள். பன்னிரண்டே காலுக்குச் சத்தம் அடங்கியது. அதற்குள் பிராக்டிக்கல் நேரம் முடிந்து, மாணவர்கள் எழுந்து போயிருந்தார்கள். அதைச் சனிக்கிழமைக்குத் தள்ளி போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது இன்டர்காம் அடித்தது.

“மேடம், அமைதியாயிருச்சு. இனிமே தொடலாமா?”

“வேணாம் சார்,” என்றாள் யூஜினியா. “தயவுசெஞ்சு வேணாம்.”