வீடு பார்க்க வந்தவர்கள்

சரிதா கரண்டியால் ஊற்றிய தண்ணீரில் பாதி அப்பாவின் தொண்டைக்குள் போனது, பாதி கடைவாயில் வழிந்து தலையணையை நனைத்தது. துடைப்பதற்குள் கைபேசி அலறியது. திரையில் ‘புரோக்கர் சென்றாயன்’ என்று வந்தது. அமுக்கிவிட்டுத் துண்டை எடுத்தாள். மறுபடியும் அலறியது. விடிந்ததிலிருந்து இதே பாடுதான். மனிதர் இங்கே இழுத்துக்கொண்டு கிடக்கிறார், ஊரிலுள்ள புரோக்கர்களுக்கெல்லாம் இன்றைக்குத்தான் ஞானம் வந்திருக்கிறது.

“எடுத்துப் பேசுக்கா. அந்தாளு தெருமுனைல வந்து நிக்கறாராமா” என்றான் தம்பி முருகானந்தம். ஓசூரிலிருந்து முந்தாநாள் வந்தவன் இன்னும் ஓரிடத்தில் உட்காரவில்லை. வாசலுக்குப் போவான், வருவான், அப்பாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பான், மறுபடி வாசலுக்குப் போவான்.

அப்பா தங்கசாமி மோகனூர் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை எடை போட்டு ஓய்வு பெற்றவர். அந்தச் சம்பளத்தில் கட்டிய வீடு இது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டை விற்று மகளுக்கும் மகனுக்கும் பாதிப்பாதி கொடுத்துவிட்டு, திருப்பூரில் மகளோடு இருந்துகொள்கிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். தான் கண்ணை மூடிய பிறகு அக்காளும் தம்பியும் கோர்ட்டுக்கு அலையக்கூடாது என்பது அவர் கணக்கு. விற்பதற்குள் நுரையீரல் முந்திக்கொண்டது. நாமக்கல் ஆஸ்பத்திரியில் இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கையை விரித்தபோது, “என்ர ஊட்டுலயே கொண்டு போய்ப் போடுங்க சாமி. விக்கற வரைக்கும் அது என்ர ஊடுதான?” என்றார். அதற்கு மேல் தனக்கென்று அவர் எதுவும் கேட்கவில்லை.

புரோக்கர் தேடியதிலும் மனிதர் லேசுப்பட்டவராக இல்லை. வந்தவர்களுக்கெல்லாம் வீட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு ஒரே கேள்வி கேட்டார். “இந்த ஊட்டுல என்னுங்க கொறை?” ஒரு குறையும் இல்லை என்றவர்களுக்குக் காபிகூடக் கிடைக்கவில்லை. சென்றாயன் அப்படித்தான், “அரமனையாட்ட இருக்குதுங்க” என்று ஆரம்பித்து மாட்டிக்கொண்டான். “ஊட்டுக்காரங்கிட்டயே பொய் சொல்றவன் வாங்கறவங்கிட்ட என்னத்த நெசம் பேசப்போறான்?” என்று அவன் போனபிறகு சிரித்தார்.

அங்கம்மாள் என்றொருத்தி ஸ்கூட்டியில் வந்தாள். கையில் ஒரு கைபேசி, கழுத்தில் தொங்க ஒன்று, ஊரைக் கூட்டும் குரல். நேராகச் சமையலறைக்குப் போய் நின்றாள். “பட்டப்பகல்லயே இருட்டுங்கய்யா. இந்த ஊட்டம்மா கடைசி வரைக்கும் லைட்டப் போட்டுக்கிட்டுத்தான் சோறாக்கியிருக்கோணும். வாங்க வாரவங்க ஊட்டுப் பொம்பளைங்க மொதல்ல அதைத்தான் பாப்பாங்க, மறைச்சு என்னுங்க பண்றது?” என்றாள். அவள் போனபிறகு அப்பா சமையலறை விளக்கைப் போட்டும் அணைத்தும் பார்த்தார். ஒருநாள் லீவில் வந்திருந்த முருகானந்தத்துக்கு மட்டும் அவளைக் கண்டாலே ஆகவில்லை. இவளுக்கு வாய் காது வரைக்கும் இருக்கிறது, வருகிற ஆளையும் விரட்டிவிடுவாள் என்றான்.

இன்று விடியும் நேரத்தில் அப்பாவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. சரிதாவைக் கூப்பிட்டு, “அம்மிணி, அந்த ஸ்கூட்டிப் புள்ளகிட்டயே ஊட்ட விக்கக் குடுத்துரு. ஆனந்தங்கிட்ட நீயே சொல்லு. நாஞ் சொன்னா மொறைப்பான்” என்றார். சரி என்று தலையாட்டினாள். தம்பியிடம் சொல்ல வாய் வரவில்லை. போகப் போகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

சென்றாயன் உள்ளே வந்து கட்டிலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். அப்புறம் சுவரில் தொங்கிய தினக்காலண்டரிடம் போய்க் கண்ணைச் சுருக்கினான்.

“மத்தியானத்துக்கு மேல அவிட்டம் பொறக்குதுங்க” என்றான்.

அவிட்டத்தில் உயிர் பிரிந்தால் அந்த வீட்டுக்கு ஆறு மாதம் அடைப்பு. பூட்டிப் போட்டுவிட வேண்டும், ஒருவரும் புழங்கக்கூடாது. அடுத்து வருகிற நான்கு நட்சத்திரங்களுக்கும் அதே கதைதான். அத்தனை நாள் அப்பா தாங்கமாட்டார் என்பது அவர் விடுகிற மூச்சைப் பார்த்தாலே தெரிந்தது.

“அடைப்பு ஊடுன்னு ஒருக்காப் பேராச்சுன்னா, ஆறு மாசங் கழிச்சும் எவனும் எட்டிப் பாக்க மாட்டானுங்க. கோழிப்பண்ணைக்காரரு இந்த வாரமே முடிச்சுக்கலாம்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு. நாஞ் சொல்றனேன்னு தப்பா நெனைக்காதீங்க. கட்டிலக் கார் செட்டுல போட்டுருங்க. செட்டு வேற, ஊடு வேற. நாளைக்குத் தகரத்தப் பிரிச்சு எறிஞ்சாப் போச்சு.”

“ஏனுங்க, எங்கப்பன் உசுரோட இருக்காருங்க!”

“அதுக்குத்தானுங்க்கா சொல்றேன். இருக்கறப்பவே நகத்துனாத்தான உண்டு” என்றான் சென்றாயன். அவன் குரலில் கேலியும் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. அதுதான் சரிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முருகானந்தம் அவளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனான். “எனக்கு மட்டும் மனசு வருமாக்கா? ஆனா ஆறு மாசம் பூட்டிப் போட்டா ஆரு வந்து பாக்கறது? நான் லீவு கேட்டு வாங்கறதுக்குள்ள நாக்குத் தள்ளுது. மாமா பனியன் கம்பெனி மூடிக் கெடக்குது. உன்ர மக இனியாவுக்குக் காலேஜ் தொறக்குது. ஃபீஸுக்கு ஆறு மாசம் பொறுப்பாங்களா, சொல்லு.”

சரிதாவுக்கும் அந்தப் பணம் வேண்டும் என்பதுதான் உண்மை. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை தம்பி அடங்கியிருப்பான். அப்பா விடியற்காலையில் சொன்னதைச் சொல்லியிருந்தாலும் பேச்சு வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

“அங்க காத்தோட்டமா இருக்குமாடா?” என்று கேட்டாள். கேட்ட பிறகுதான், தான் சம்மதித்துவிட்டது அவளுக்கே தெரிந்தது.

பக்கத்து வீட்டு ஆத்தாயியின் மகன் காளியப்பன் ஒரு பக்கம், சென்றாயன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம், நாலாவது காலைச் சரிதா பிடித்துக்கொண்டாள். வாசற்படியில் கட்டிலைச் சாய்க்க வேண்டியிருந்தது. “பாத்து, பாத்து!” என்று சென்றாயன் பதறினான். அவன் கண் அப்பாவின் மேல் இல்லை, நிலையின் பாலிஷ் மேல் இருந்தது.

எப்போதோ கார் வாங்கப்போகிற மகனுக்காக அப்பா போட்டு வைத்த தகரச் செட்டு அது. அதில் இதுவரை அவருடைய மொபெட்தான் நின்றிருக்கிறது. அதை வெளியே தள்ளிவிட்டுக் கட்டிலைப் போட்டார்கள். வெயிலுக்குத் தகரம் கொதித்தது. சரிதா காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல் உள்ளுக்கும் வெளிக்கும் ஓடினாள். சேலையை நனைத்து வெயில் விழுகிற பக்கம் கட்டினாள், ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து மின்விசிறியை வைத்தாள், பெட்ரோல் வாடை அடிக்கிறதே என்று ஊதுவத்தி கொளுத்தினாள், ஐயோ இதென்ன பிணத்துக்கு வைக்கிற மாதிரி என்று உடனே பிடுங்கி மண்ணில் தேய்த்தாள்.

அப்பா கண்ணைத் திறந்தார். தகரத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

“ஆரு வந்திருக்காங்க?” என்றார்.

சரிதாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பெல்லாம் யாராவது வீடு பார்க்க வந்தால், அப்பா எழுந்து இந்தச் செட்டில் வந்து உட்கார்ந்துகொள்வார். வீட்டுக்காரன் பக்கத்தில் நின்றால் வருகிறவர்கள் கூச்சப்படுவார்கள், மனசு விட்டுப் பார்க்கமாட்டார்கள், பார்த்து முடிக்கட்டும் என்பார். இன்றைக்கும் அதற்குத்தான் வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

“பரமத்திக்காரங்கப்பா” என்றாள்.

“குடும்பத்தோட வந்திருக்காங்களா?”

“ஆமாங்கப்பா.”

“பாக்கட்டும், பாக்கட்டும். அவசரப்படுத்தாதீங்க.” மூச்சு வாங்கினார். “சமையக்கட்டுல லைட்டப் போட்டு உடு.”

சரிதா எழுந்து உள்ளே போனாள். ஈ காக்கை இல்லாத வீட்டில் சமையலறை விளக்கைப் போட்டாள். அங்கேயே சுவரில் முட்டிக்கொண்டு சத்தமில்லாமல் கொஞ்சம் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, “போட்டுட்டனுங்கப்பா” என்றாள். அப்பாவின் முகத்தில் திருப்தி தெரிந்தது.

மத்தியானம் கழிந்தது. சென்றாயன் நேரத்தைப் பார்த்துவிட்டு, இனிக் கவலையில்லை என்கிறாற்போல் தலையை ஆட்டிவிட்டு டீ குடிக்கப் போனான். அப்பா நடுவில் ஒருமுறை, “பாத்துட்டாங்களா?” என்று கேட்டார்.

“மொட்டமாடிக்குப் போயிருக்காங்கப்பா.”

“தண்ணித் தொட்டி மூடியத் தொறந்து காட்டச் சொல்லு.”

சரிதா தம்பியைத் தெருப்பக்கம் இழுத்துப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “உள்ள கொண்டு போயிரலாம்டா. கேக்கறாருடா. என்னால முடியலடா, ஆனந்தா.”

“இப்ப அவிட்டம்க்கா” என்றான். அவன் கண்ணும் சிவந்துதான் கிடந்தது. கையை உருவிக்கொண்டு, எதற்கென்றே தெரியாமல் மொபெட்டை இங்கிருந்து அங்கே தள்ளி நிறுத்தினான்.

பொழுது சாயும்போது அப்பா அவள் விரலைத் தொட்டார். குரல் காற்றாக வந்தது. “போயிட்டாங்களா? உள்ள போலாமா, அம்மிணி?”

“சித்த நேரம்ங்கப்பா. கெளம்பிட்டாங்க” என்றாள் சரிதா.

அதைக் கேட்டாரோ இல்லையோ. தெருவிளக்கு எரிந்தபோது மூச்சு நின்றிருந்தது.

அழுது ஓய்ந்த பிறகு சரிதா, “உள்ள தூக்குங்க. உள்ள வெச்சுக் குளிப்பாட்டலாம்” என்று எழுந்தாள். ஆத்தாயி அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“வெளிய உசுரு போனவங்கள உள்ள கொண்டு போகக்கூடாது சாமி.”

“வெளியன்னு ஆருங்க சொன்னா? இதும் அவரு கட்டுனதுதானுங்க!”

சரிதா கத்திய கத்தலுக்குத் தெருவே திரும்பிப் பார்த்தது. ஆத்தாயி தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் சொந்தபந்தம், ஒரம்பரை சனம் எல்லாம் வந்து சேர்ந்தது. தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, செட்டின் முன்னால் பெண்கள் உட்கார்ந்து அழுதார்கள். வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அங்கம்மாளும் மாலையோடு வந்தாள். கைபேசிகள் இரண்டையும் வாயடைத்துப் பைக்குள் போட்டிருந்தாள். மாலையைப் போட்டுக் கும்பிட்டாள். செட்டை ஒருமுறை பார்த்தாள், திறந்து கிடந்த கதவு வழியாக வெறிச்சென்றிருந்த கூடத்தைப் பார்த்தாள்.

“ஏனுங்க்கா, உள்ள எடம் பத்துலீங்களா?” என்று சரிதாவிடம் கேட்டாள்.

கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கே விளங்கிவிட்டது. அவிட்டம் எப்போது பிறந்தது என்று இந்தத் தொழிலில் இருக்கிறவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? அத்தனை பெரிய வாய் பட்டென்று மூடிக்கொண்டது. சரிதாவின் கையைப் பிடித்துக் கொஞ்சநேரம் நின்றாள், விட்டாள், போனாள். சரிதாவால் தலையை நிமிர்த்தவே முடியவில்லை.

ஆண்கள் காவேரிக்கரைக்கு எடுத்துப் போனார்கள். “ஊட்டுக்குள்ள தீட்டில்லை, செட்டக் கழுவுனாப் போதும்” என்றாள் ஆத்தாயி. பெண்கள் செட்டையும் அதன் முன்வாசலையும் கழுவிவிட்டு, கட்டிலைத் தெருவோரம் கவிழ்த்துப் போட்டார்கள். வெயில் ஏறிய பிறகு முருகானந்தம் ஈர வேட்டியோடு திரும்பி வந்தான். கூடவே சென்றாயனும் வந்து வாசற்படியில் நின்றுகொண்டான். எல்லாக் காரியத்துக்கும் கூடமாட நின்றவன், அவனைக் குறை சொல்லவும் முடியாது.

தம்பி குரலைத் தாழ்த்தினான். “அக்கா, இப்பப் பேசறேன்னு நெனைக்காத. நாஞ் சீக்கிரம் கெளம்போணும். ஊட்ட ஆருகிட்டக் குடுக்கறது? அப்பா உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாரா?”

சரிதா அவன் முகத்தைப் பார்த்தாள். அங்கம்மாளிடம் கொடுத்தால் அவள் வாரத்துக்கு நாலு முறை ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவாள். அந்தச் செட்டைத் தாண்டித்தான் உள்ளே போவாள். ஒன்றும் கேட்கமாட்டாள். கேட்காமலே இருப்பாளே, அதை எந்த முகத்தோடு நின்று தாங்குவது? சென்றாயனிடம் அந்தத் தொந்தரவு கிடையாது. கட்டிலின் ஒரு காலை அவனும் பிடித்தவன்.

“ஒண்ணுஞ் சொல்லல” என்றாள். “சென்றாயங்கிட்டயே குடுத்துருடா.”

முருகானந்தம் வாசலைப் பார்த்துத் தலையசைத்தான். சென்றாயன் கைபேசியை எடுத்துக் கோழிப்பண்ணைக்காரரைக் கூப்பிட்டான். “இல்லீங்க, இல்லீங்க, ஊட்டுக்குள்ள இல்லீங்க, வெளியதானுங்க” என்று அவன் சொல்வது உள்ளே கேட்டது.

சரிதா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். வாளி நிறையத் தண்ணீர் பிடித்துத் தூக்க முடியாமல் தூக்கிவந்து, கூடத்தில் அப்பாவின் கட்டில் கிடந்த இடத்தில் கொட்டினாள். விளக்குமாற்றை எடுத்துத் தேய்த்தாள்.

“அக்கா, அங்க எதுக்கு? உள்ளதான் தீட்டில்லையே” என்றான் தம்பி.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்னொரு வாளி கொண்டுவந்து கொட்டி, மூலையிலிருந்து கூட்டித் தள்ளினாள். தண்ணீர் கூடத்தைத் தாண்டி வாசற்படியில் இறங்கியது. சென்றாயன் பேச்சை நிறுத்தாமலே வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு படி கீழே இறங்கி நின்றான்.