பொட்டலம் வந்துகொண்டிருக்கிறான்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசிக்கவில்லை. என் அக்காவின் பிள்ளைகள் யோசித்தார்கள், நான் தட்டச்சு செய்தேன். பிழை இருந்தால் மட்டும் அது என்னுடையது என்று எங்களுக்குள் பேச்சு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில், ஜன்னலோரம் கனத்த மௌனத்துடன் நின்றிருந்த சிறுமியின்'

போதும். மழையே பெய்யவில்லை. சின்னது மௌனமாக இருந்ததாக வரலாறும் கிடையாது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறினாள். பொட்டலம் பஸ்ஸோடு போய்விட்டான்.

பொட்டலம் ஒரு துணிப் பொம்மை.* சின்னதுக்கு ஐந்து வயது, பொட்டலத்துக்கும் அதே வயது. அவனில்லாமல் அவள் ஒரு நாளும் தூங்கியதில்லை.

(* கரடியா நாயா என்பது எங்கள் வீட்டில் தீராத வழக்கு. அக்கா கரடிக் கட்சி, அத்தான் நாய்க் கட்சி. பொட்டலம் கருத்துச் சொல்லவில்லை.)

2

பஸ் டிப்போவுக்கு அக்கா போன் மேல் போன் போட்டாள். பலனில்லை. சனிக்கிழமை நான் லேப்டாப்போடு அக்கா வீட்டில் போய் இறங்கினேன். எழுதிக் கொடுத்தால் குட்டி குட்டி வீடியோவாக்கித் தரும் ஏஐ செயலி ஒன்று அதில் இருந்தது. பொட்டலம் வீடு திரும்புவதாக ஒரு படம் எடுத்துவிட்டால் பிள்ளை சமாதானமாகிவிடும் என்பது என் கணக்கு. எழுத்தாளன் போட்ட கணக்கு என்றைக்குச் சரியாக வந்திருக்கிறது?

அவனைக் காட்ட ஒழுங்கான போட்டோ ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலும் சின்னதின் கக்கத்தில் முகம் நசுங்கிக் கிடந்தான். ஆகவே வாயால் சொல்லச் சொன்னேன்.

"அவன் என்ன கலர்?"

"காபி கலர். துவைச்சா வேற கலர்."

"கண்ணு?"

"ஒண்ணு பட்டன். இன்னொண்ணு கோவமா இருக்கும்."

"வாலு?"

"அத அண்ணன் பிச்சுட்டான்."

"நான் ஒண்ணும் பிக்கல. அதுவா கையோட வந்துச்சு," என்றது பெரியது. பெரியதுக்கு எட்டு வயது. எங்கள் படத்தின் ஒலிப்பதிவாளர்.

சொன்னதை அப்படியே தட்டினேன். கோபமான கண் என்றதும் செயலி கண்ணுக்குள் தீயையே வைத்துவிட்டது. மூவரும் சிரித்து உருண்டோம்.

3

சிரிப்பு அதோடு நின்றது. முதல் வீடியோத் துண்டில் பஸ்ஸிலிருந்து குதித்தவன் ஒல்லிக் கரடி. இரண்டாம் துண்டில் தெருவில் நடந்தவன் குண்டன், யாரும் கேட்காத தொப்பி வேறு. பாலத்தைக் கடந்தது சந்தேகமே இல்லாமல் நாய். அடுத்ததில் வால் முளைத்திருந்தது (பெரியது நிம்மதிப் பெருமூச்சு விட்டது). 'அதே பொம்மை, அதே பொம்மை' என்று திரும்பத் திரும்ப எழுதினேன். செயலி பணிவாக இன்னொருவனைக் கொண்டுவந்து நிறுத்தியது.

சின்னதின் கீழுதடு நடுங்கியது.

"இது பொட்டலம் இல்ல."

ஒரு முறை தொலைந்தவனை நானும் செயலியும் சேர்ந்து மறுபடி மறுபடி தொலைத்துக்கொண்டிருந்தோம். மூடிவிடலாம் என்று லேப்டாப்பில் கை வைத்தேன்.

"இரு மாமா. மொதல்லேந்து போடு."

போட்டேன். மூக்கு திரையில் முட்டப் பார்த்தாள். திடீரென்று எகிறிக் குதித்தாள்.

"ஐயோ மாமா, அவன் வேஷம் போட்டிருக்கான்!"

"யாரு?"

"பொட்டலம்தான்! பாத்தா கண்டக்டர் புடிச்சு பஸ்லயே வெச்சுப்பாருல்ல? அதான் மாறி மாறி வர்றான்."

"அப்ப வாலு?" என்றது பெரியது.

"ஒட்டு வாலு."

அதற்குப் பிறகு எங்களைக் கையில் பிடிக்க முடியவில்லை. செயலி எவ்வளவு சொதப்பியதோ அவ்வளவு கொண்டாட்டம். ஒரு துண்டில் அவனுக்கு மூன்று கைகள். "ஒண்ணு வாடகைக் கை," என்று தீர்ப்பாயிற்று. பெரியது அரிசி டப்பாவைக் குலுக்கி நடைச் சத்தம் கொடுத்தது. வேலை முடிந்து வந்த அக்கா, பையைக்கூட இறக்காமல் கண்டக்டர் குரலில் "டிக்கெட் எடுத்தியாடா?" என்று அதட்டினாள். அத்தானுக்குக் கிடைத்தது பிரேக் வேடம். கிறீச்சிட்டுக் கிறீச்சிட்டுத் தொண்டை கட்டிக்கொண்டது.

4

[இந்த இடத்தில் கலையும் இயந்திரமும் பற்றி ஒரு நீண்ட பத்தி இருந்தது. 'படைப்பு என்பது யாருடையது என்ற கேள்வி' என்று ஆரம்பித்து நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. சின்னதுக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது. எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல பொட்டலம் எங்க?" என்றாள். எங்கேயும் இல்லை. நீக்கிவிட்டேன்.]

5

கடைசித் துண்டு. 'பொட்டலம் கதவைத் திறந்து ஓடிவந்து சின்னதைக் கட்டிக்கொள்கிறான்' என்று எழுதி, பொத்தானை அழுத்தப் போனேன். அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"அது வேணாம்."

"ஏண்டி? இதுக்குத்தானே இவ்வளவும்?"

"உள்ள வந்தா வேஷத்தக் கழட்டிடணும். இதுக்கு அவன் மூஞ்சி தெரியாது, மாமா."

செயலியைச் சொன்னாள். என்னையும்தான் என்று எனக்குப் பட்டது. எனக்கும் அவன் மூஞ்சி தெரியாது.

ஆகவே கடைசிக் காட்சியை அவளே போனில் எடுத்தாள்: அக்கா வீட்டு வாசல் கதவு, சாத்தியபடி. படம் கோணல், ஓரத்தில் அவளுடைய கட்டை விரல். வெளியே அரிசி டப்பாவின் நடைச் சத்தம் நெருங்கி வருகிறது. அவ்வளவுதான் படம். எல்லோரும் கை தட்டினோம், அவள்தான் அதிகம் தட்டினாள். அன்றைக்கு அழாமல் தூங்கினாள் என்றாள் அக்கா. கை மட்டும் ஒரு பொம்மைக்கு இடம் விட்டு மடங்கியிருந்ததாம்.

6

படம் முடிந்தது. கதைக்கு முடிவு வேண்டாமா? என்னிடம் இருந்தவை:

அ) டிப்போவிலிருந்து போன் வருகிறது.

ஆ) அக்கா புதுப் பொம்மை வாங்கி, துவைத்துத் துவைத்துப் பழசாக்கி, பட்டன் தைத்து

இ) பல வருடங்கள் கழித்து, வளர்ந்துவிட்ட சின்னது ஒரு பஸ் நிலையத்தில்... (வேண்டாம். உங்களை அழவைக்கப் பார்க்கிறேன்.)

மூன்றையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"வந்துட்டான்னு எழுதிடாத, மாமா."

"ஏன்?"

"எழுதிட்டா, வந்து சேந்துட்டோம்னு நெனச்சு அங்கயே நின்னுடுவான்."

"சரி, வரலன்னு எழுதட்டுமா?"

என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"அதான் வந்துட்டு இருக்கானே!"

இரண்டையும் எழுதாமல் விடுகிறேன். இந்நேரம் அவன் எந்தத் தெருவில் நடக்கிறானோ, எனக்குத் தெரியாது. உங்கள் தெருவாகவும் இருக்கலாம். எந்த வேஷத்தில் என்றும் சொல்ல முடியாது. யாரைப் பார்த்தாலும் பிடித்து வைத்துக்கொள்ளாதீர்கள். அவசரமாகப் போய்க்கொண்டிருக்கிறான், கொஞ்சம் வழி விடுங்கள்.